ஒம்பது வண்டியும் என் சாவி உத்தியோகமும்

வேலைய விட்டு வீட்டுல இருக்க என்கிட்ட, நம்ம பொக்லைன் யார்டுல புதுசா சேர்ந்திருக்க தம்பிகளுக்கு ரெண்டு வார்த்தை எழுதிக் குடுங்கன்னு கேட்டாக. ரெண்டு வார்த்தைல முடிக்கிற ஆளு நான் இல்லைன்னு கேட்டவுகளுக்கும் தெரியும். வண்டி ஓட்டுறது எப்படின்னு நான் சொல்லப் போறதில்ல. அதுக்கு ஆளு இருக்காக, போன்ல வீடியோ இருக்கு. நான் சொல்லப் போறது சாவியப் பத்தி. சிரிக்காதீக. இந்த யார்டுல பதினோரு வருசத்துக்கு மேல நான் சோறு தின்னதே சாவியாலதான்.

அதுக்கு முன்னாடி நானும் ஆப்பரேட்டர்தான். ஆமத்தூர் சுத்துல நான் தோண்டாத கிணறும் கரை ஏத்தாத கம்மாயும் கம்மி. ஆனா பொக்லைன் சீட்டுல இருபது வருசம் குலுங்குனா இடுப்பு என்னத்துக்கு ஆகும். ஒரு நாள் வண்டிய விட்டு இறங்குனவன் நிமிரவே முடியல. டாக்டர் ஸ்கேன் படத்த வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, "இனிமே வண்டில ஏறுனீங்கன்னா உங்களத் தூக்கிட்டுத்தான் இறங்கணும்"னாரு. ரெண்டு பொம்பளப் பிள்ளைக பள்ளிக்கூடம் போய்ட்டு இருக்கு. வீட்டுக்காரி அரிசிப் பானையத் திறந்து பாத்துட்டு மூடுனா. அவ மூடுன சத்தம்தான் எனக்குப் பெரிய பயமா இருந்துச்சு.

அண்ணாச்சி, அதான் நம்ம முதலாளி, என்னையக் கைவிடல. அவுக குடும்பம் பரம்பரையா பலசரக்குக் கடை. கல்லாப்பெட்டியில இருந்து குடோன் வரைக்கும் பூட்டுப் போட்டே பழகுனவுக. அண்ணாச்சி சிவகாசில காலண்டர் பிரஸ் நடத்திட்டு, அப்புறம் மண்ணு வேலைல இறங்கி, ஒண்ணொண்ணா ஒம்பது மஞ்ச வண்டி வாங்குனாக. அம்புட்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஒவ்வொரு வண்டி வரும்போதும் சாவி தனித்தனி டப்பால வந்துச்சு. தனி டப்பால வந்தா தனிச் சாவிதானேன்னு அண்ணாச்சி நெனச்சாக. யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாக.

தாத்தா கடைல கெடந்த இரும்புப் பெட்டியக் கொண்டாந்து ஆபீஸ் ரூமுல வச்சு, உள்ள ஒம்பது கொக்கி வெல்டிங் வச்சு, ஒவ்வொரு சாவிலயும் நம்பர் எழுதுன அட்டையக் கட்டித் தொங்கவிட்டாக. பெட்டிச் சாவி என் கைக்கு வந்துச்சு. "முருகேசா, இனிமே நீதான் சாவி இன்சார்ஜ். காலைல நீ எடுத்துக் குடுத்தாத்தான் வண்டி நகரணும். சாயங்காலம் உன் கைக்குத் திரும்பி வந்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்"னாக. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அன்னைக்கே பெட்டிச் சாவிய அரணாக்கயித்துல கோத்துக்கிட்டேன்.

ரெண்டாவது வாரம் திருத்தங்கல்ல இருந்து மெக்கானிக் ஒருத்தர் சர்வீஸுக்கு வந்தாரு. பேரு வேண்டாம், மனுசன் இப்ப நிம்மதியா இருக்காரு. அஞ்சாம் நம்பர் சாவியக் கேட்டாரு, குடுத்தேன். நேரா போயி மூணாம் நம்பர் வண்டில ஏறுனாரு. "அண்ணே, அது அஞ்சாம் நம்பர் சாவி"ன்னு நான் சொல்லி முடிக்கல, மூணாம் நம்பர் உறுமிருச்சு. இறங்கி, அதே சாவியில ஏழக் கிளப்புனாரு, ஒண்ணக் கிளப்புனாரு. கடைசில டூல்ஸ் பைக்குள்ள கையவிட்டு, எந்தக் காலத்துதோ துருப்பிடிச்ச ஒரு சாவிய எடுத்து, எட்டாம் நம்பரையும் கிளப்பிக் காட்டுனாரு.

இங்க வரதுக்கு முன்னாடி நான் ஓட்டுன பழைய வண்டிக்குச் சாவியே கிடையாது, ரெண்டு வயரச் சேத்துத் தட்டுனாக் கிளம்பும். அதனால இந்தச் சமாச்சாரம் எனக்குத் தெரிய வாய்ப்பே இல்ல. "காட்டுக்குள்ள சைட்டுல சாவி தொலைஞ்சா வேலை நிக்கக் கூடாதுல்ல, அதுக்குத்தான் கம்பெனிக்காரன் எல்லாத்துக்கும் ஒரே வெட்டு வெட்டி விடுறான்"னு விளக்குனாரு.

"அண்ணாச்சிக்கு இது தெரியுமாண்ணே?"

அவரு கையத் துடைச்சுக்கிட்டே என்னைய ஏற இறங்கப் பாத்தாரு. "தெரிஞ்சா உன்னைய எதுக்குலே வேலைக்கு வைக்காக?"

அன்னைல இருந்து என் உத்தியோகம் ஒரு பொய் மேல நின்னுச்சு. சாவி ஒவ்வொண்ணும் வேற வேறன்னு அண்ணாச்சி நம்புற வரைக்கும் எனக்குச் சோறு. நம்பிக்கை போச்சுன்னா அந்த இரும்புப் பெட்டியும் நானும் ஒண்ணு, ரெண்டு பேரையும் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுறலாம். அதனால நான் ரொம்பக் கறாரா நடந்துக்கிட்டேன். நாலாம் நம்பர்க்காரன் ஆறாம் நம்பர் சாவியத் தொட்டாக்கூட, "ஏலே, லாக்கு உடைஞ்சிரும்லே, உங்கப்பனா வந்து மாத்துவான்"னு கத்துவேன்.

அம்புட்டு கறாரா இருந்தும் ஒரு நாள் நானே சறுக்குனேன். அண்ணாச்சி பக்கத்துல நிக்கும்போது, பேச்சுவாக்குல ரெண்டாம் நம்பர் ஆளுக்கு நாலாம் நம்பர் சாவியத் தூக்கிக் குடுத்துட்டேன். அவன் போயி வண்டியக் கிளப்பிட்டான். அண்ணாச்சி பெட்டிக்குள்ள பாத்தாக, ரெண்டாம் நம்பர் சாவி கொக்கியில ஆடிக்கிட்டு இருக்கு. வண்டியப் பாத்தாக. என்னையப் பாத்தாக.

"ரெண்டும் நாலும் ஒரே நாள்ல செஞ்ச வண்டி அண்ணாச்சி. ரெட்டைப் பிள்ள மாதிரி. சில சமயம் ஒத்துப் போகும்"னேன்.

எங்கிருந்து எனக்கு அந்தப் பொய் வந்துச்சுன்னு இன்னைக்கும் தெரியல. அண்ணாச்சி ரொம்ப நேரம் யோசிச்சாக. அப்புறம், ரெட்டைப் பிள்ளைகள ஒண்ணா விடக்கூடாதுன்னு சொல்லி, ரெண்டாம் நம்பர யார்டோட இந்தக் கடைசிலயும் நாலாம் நம்பர அந்தக் கடைசிலயும் நிறுத்தச் சொல்லிட்டாக. அதுவே யார்டு வழக்கமாப் போச்சு. இப்பவும் அப்படித்தான் நிறுத்துறீகன்னு கேள்விப்பட்டேன். எதுக்குன்னு யாருக்காச்சும் தெரியுமா?

ஆயுத பூசை கதை இதைவிட மோசம். வருசா வருசம் ஒம்பது வெத்தலைய வரிசையா வச்சு, ஒவ்வொண்ணு மேலயும் ஒரு சாவிய வச்சு, சந்தனம் குங்குமம் வச்சுக் கும்பிடுவாக. ஒரு வருசம் ஐயரு தீர்த்தம் தெளிக்கிறேன்னு செம்போட கவுத்துட்டாரு. அட்டை எல்லாம் ஊறிப்போயி நம்பர் அழிஞ்சிருச்சு. எந்தச் சாவி எந்த வண்டின்னு தெரியல. அண்ணாச்சி முகம் வெளிறிப் போச்சு. "முருகேசா, ஒண்ணொண்ணா போட்டுப் பாத்துப் பிரிச்சிரு. எம்புட்டு நேரம் ஆனாலும் சரி, நான் இங்கனயே இருக்கேன்"னு சொல்லி, சேரப் போட்டு, குடையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாக.

நான் என்ன செய்ய? முதல் சாவிய எடுத்துக்கிட்டு ஒண்ணாம் நம்பர்ல ஏறுனேன். சொருகி, பாதி திருப்பி, உதட்டப் பிதுக்கி, தலைய ஆட்டிட்டு இறங்குனேன். ரெண்டாம் நம்பர்ல ஏறுனேன், அதுக்கும் தலைய ஆட்டுனேன். இடுப்பு வலில ஒவ்வொரு தடவையும் முக்கி முனங்கி ஏறுறேன். மூணாம் நம்பர்ல கிளப்பிட்டு, "கெடச்சிருச்சு அண்ணாச்சி"ன்னேன். அண்ணாச்சி குடையோட எந்திரிச்சு நின்னு கும்பிட்டாக. இப்படியே ஒம்பது சாவிக்கும். வெயில் சாயுற வரைக்கும் நடந்துச்சு இந்தக் கூத்து. ஆப்பரேட்டர் பயலுக எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நின்னு தோளு குலுங்குறானுக. என் முக்கல் முனங்கலப் பாத்துச் சிரிக்கானுகன்னு நான் நெனச்சேன். நான் கஷ்டப்படுறதப் பாத்து அழுவுறானுகன்னு அண்ணாச்சி சொன்னாக.

சரி, விசயத்துக்கு வாரேன். பொய்யான வேலையப் பாக்குறவனுக்கு மனசுக்குள்ள ஒரு உறுத்தல் இருக்கும். நாம எதுக்கு இங்கன இருக்கோம்னு தோணும். அதப் போக்குறதுக்காக, சாவியக் குடுக்கும்போது சும்மா குடுக்காம ஆளு மூஞ்சியப் பாக்க ஆரம்பிச்சேன். சாப்பிட்டியா, தூங்குனியா, கண்ணு ஏன் செவந்திருக்குன்னு கேப்பேன். நேத்து குடிச்ச வாடை அடிச்சாலோ, காய்ச்சலா இருந்தாலோ, வீட்டுல சண்டை போட்டுட்டு வெறி பிடிச்ச மாதிரி வந்து நின்னாலோ, சாவியத் திரும்பக் கொக்கியில மாட்டிருவேன். "இன்னைக்கு வேண்டாம்பா, வீட்டுக்குப் போ." அம்புட்டுதான். நான் ஓட்டுன காலத்துல அப்படி என்னைய யாரும் கேட்டதில்ல. கேட்டிருந்தா நான் ரெண்டு தடவை வண்டியக் கவுத்திருக்க மாட்டேன்.

இதுல அதிகமா மாட்டுனவன் ஆறாம் நம்பர் மாரியப்பன். கை சுத்தம், வேலை அருமை, வாய்தான் நீளம். ஆனைக்குட்டத்துல அவன் மாமனார் தோட்டத்துல கிணறு ஆழப்படுத்துற வேலை வந்துச்சு. மாப்பிள்ள வண்டியோட வந்து இறங்குறதப் பாக்க மச்சினன், கொழுந்தியா, பக்கத்துத் தோட்டத்துச் சனம் எல்லாம் கூடியிருக்கு. இவன் அந்தச் சந்தோசத்த முந்துன நாள் ராத்திரியே குடிச்சுக் கொண்டாடிட்டான். காலைல வெள்ளைச் சட்டை, பவுடர், கூலிங் கிளாஸு. கண்ணாடியக் கழட்டச் சொன்னேன். கழட்டுனான். சாவியக் கொக்கியில மாட்டிட்டேன்.

"அண்ணே, மாமனார் வீடுண்ணே. மானம் போயிரும்ணே."

"கிணத்துக்குள்ள வண்டியோட போனா மானத்த வச்சு என்னலே செய்வ?"

வேற ஆளு வண்டிய எடுத்துட்டுப் போனான். மாப்பிள்ளைக்குன்னு அடிச்ச கெடாக்கறிய அவன்தான் தின்னான். மாரியப்பன் நாலு மாசம் என்கூடப் பேசல. காலைல வந்து கைய மட்டும் நீட்டுவான். நானும் கண்ணப் பாத்துட்டுச் சாவிய வைப்பேன்.

இப்படியே பதினோரு வருசம். அப்புறம் வந்துச்சு அந்தக் கோடை.

நம்ம யார்டுக்குப் பின்னாடி ரெண்டு புஞ்சை தரிசு, வேலிக்கருவ மண்டிக் கெடக்கும். அதத் தாண்டுனா பட்டாசுக் கம்பெனிச் சுவரு. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. சீசன் ஆர்டர்னு கம்பெனில லீவு விடல, சரக்கு ரூம் எல்லாம் லோடு ஏத்த நெறஞ்சு கெடக்கு. நம்ம யார்டுல ஞாயிறு கழுவுற நாள், ஒம்பது பேரும் வண்டியக் கழுவி கிரீஸ் அடிச்சுக்கிட்டு இருந்தானுக. அண்ணாச்சியும் இருந்தாக. நான் மட்டும் விருதுநகர்ல, சொந்தக்காரப் பிள்ளைக்குக் காதுகுத்துல. தாய்மாமன் துபாய்ல இருக்கதால முறைக்கு என் மடி. பிள்ள மடியில, மொட்டைத் தலைல சந்தனம். ஆசாரி ஊசியோட எதிர்ல. பெட்டிச் சாவி என் இடுப்புல.

போன் அடிச்சுது. அண்ணாச்சி.

"முருகேசா, தரிசுல தீப் பிடிச்சிருச்சுலே. காத்து கம்பெனிப் பக்கம் அடிக்கு. ஆளுகள எல்லாம் ரோட்டுக்கு வெளியேத்திட்டாக. தீயணைப்பு வண்டி கிளம்பியாச்சாம், வந்து சேரணும்ல. சுவருக்கு வெளிய கருவையப் பிடுங்கி, மண்ணு தெரிய ஒரு பட்டை வெட்டிட்டா தீ நிக்கும்னு கம்பெனி போர்மேன் ஓடியாந்து கேக்காரு. சாவி எங்கலே?"

"என் இடுப்புல அண்ணாச்சி. பெட்டிய உடைங்க."

"சம்மட்டி போட்டாச்சு. கைப்பிடிதான் உடைஞ்சுது. எங்க தாத்தா பெட்டிலே அது. நீ வர எம்புட்டு நேரமாகும்?"

அரை மணி நேரமாகும். ரெண்டு புஞ்சைத் தீக்கு அரை மணி நேரம் ரொம்ப அதிகம். ரோட்டுல நிக்கிற பொம்பளைகள்ல, கம்பெனிக்கு வேலைக்குப் போற நம்ம ஆப்பரேட்டர் பொண்டாட்டிமாரும் உண்டு, மாரியப்பன் பொண்டாட்டியும் உண்டு. சரக்கு ரூம் பிடிச்சா ரோடு என்ன தூரம்.

தம்பிகளா, பொய்ய மறைக்கிறவனுக்கு அவசரத்துலயும் அடுத்த பொய்தான் முதல்ல வரும். மாத்துச்சாவி மெக்கானிக்கிட்ட இருக்குன்னு சொல்லுவமா, ரெட்டைப் பிள்ள, மூணு பிள்ளன்னு எதாச்சும் சொல்லுவமா. மூத்தவளுக்குக் காலேஜ் இன்னும் ஒரு வருசம் பாக்கி. அது வேற கண்ணு முன்னாடி நிக்குது. அந்த நேரம் பாத்து ஆசாரி குத்திட்டாரு. பிள்ள வீல்னு அலறுச்சு. அந்த அலறல்ல என் மூளையில இருந்த பொய் எல்லாம் ஓடிப்போச்சு.

"அண்ணாச்சி, ஸ்பீக்கர்ல போடுங்க"ன்னேன். போட்டாக. "தம்பிகளா, அந்த வண்டி அம்புட்டுக்கும் ஒரே சாவிதான். எவன்கிட்டயாவது இந்த மாடல் சாவி பழசோ புதுசோ ஒண்ணு இருந்தாச் சொருகுங்க, ஒம்பதும் கிளம்பும். பதினோரு வருசமா எனக்குத் தெரியும். அண்ணாச்சி, என்னையத் திட்டுறத வந்து வாங்கிக்கிடுதேன்."

எவன்கிட்டயாவது ஒண்ணே ஒண்ணு இருக்காதான்னு நான் சாமியக் கும்பிட்டேன்.

அங்கன நடந்தத அப்புறம்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஒம்பது பேரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்தானுகளாம். பெட்டி உடைஞ்சிரும், என் பொழப்பும் தப்பிச்சிரும்னு அதுவரைக்கும் சாவிய வெளிய எடுக்காம இருந்திருக்கானுக. முதல்ல மாரியப்பன் சட்டையத் தூக்கி, அரணாக்கயித்துல இருந்து ஒரு சாவிய அவுத்தான். அடுத்தவன் கழுத்துத் தாயத்தோட கோத்திருந்தான். ஒருத்தன் போன் கவருக்குள்ள இருந்து எடுத்தான். ஒருத்தன் பர்ஸுல முருகன் படத்துக்குப் பின்னாடி இருந்து. ஒருத்தன் வீட்டுப் பூட்டுச் சாவி, பீரோச் சாவியோட சேத்து கொத்தாவே வச்சிருந்தான். வயசுல மூத்தவர் மூக்குக் கண்ணாடி டப்பாவத் திறந்து எடுத்தாராம். ஒம்பது பேரு, ஒம்பது சாவி. நான் ஒருத்தன் தனியாக் காப்பாத்துறதா நெனச்ச ரகசியம் யார்டு பூரா தொங்கிட்டு இருந்திருக்கு.

அண்ணாச்சி கையில போனப் பிடிச்சபடி நிக்க, ஒம்பது வண்டியும் ஒண்ணா உறுமுச்சு. போர்மேன் கைகாட்டுன எல்லைக்கு உள்ள ஒரு வண்டியும் போகாம, சுவருக்கு வெளியவே வரிசையா நின்னு கருவைய வேரோட பிடுங்கித் தள்ளி, பட்டை வெட்டிட்டானுக. தீ வந்து மண்ணுல முட்டி நின்னுச்சு. தீயணைப்பு வண்டி வந்து மிச்சத்த அணைச்சுது. கம்பெனிக்குள்ள ஒரு அட்டைப் பெட்டிகூடச் சூடாகல.

நான் பஸ்ஸப் பிடிச்சு, தோள்ல காதுகுத்துத் துண்டோட வந்து சேந்தேன். ஆபீஸ் ரூமுல அண்ணாச்சி உக்காந்திருக்காக. மேசைல ஒம்பது சாவி. ஒம்பது பேரும் கரி மூஞ்சியோட சுவரோரம் நிக்கானுக. பெட்டி கைப்பிடி இல்லாம மொட்டையா நிக்குது. இடுப்புல இருந்து பெட்டிச் சாவிய அவுத்து மேசைல வச்சேன். வெக்கமா இருந்துச்சு, அதையும் சொல்லிருதேன்.

அண்ணாச்சி அந்தச் சாவியப் பாத்தாக. "அன்னைக்குக் குடையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனேலே."

"ஆமா அண்ணாச்சி."

"ஒவ்வொரு சாவிக்கும் எந்திரிச்சு நின்னு கும்பிட்டேனேலே."

சுவரோரம் எவனோ ஒருத்தன் தோளு குலுங்குச்சு. அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்புனாக.

"என்ன சிரிப்பு? ஆளுக்கொரு சாவிய வச்சுக்கிட்டு, தினமும் காலைல இவன்கிட்ட எதுக்கு வரிசைல நின்னீக?"

அண்ணாச்சி விரல் மாரியப்பன் பக்கம் நீண்டுச்சு.

"ஏலே மாரியப்பா, உன் மாமனார் தோட்டத்து வேலை அன்னைக்கு இவன் சாவி தரமாட்டேன்னுட்டான்னு என்கிட்ட வந்து அழுதியே. அன்னைக்கும் இந்தச் சாவி உன் இடுப்புல இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணாச்சி."

"வண்டி வெளியதான நின்னுச்சு. ஏன் எடுத்துட்டுப் போகல?"

அண்ணாச்சி என்ன கேக்காகன்னு மாரியப்பனுக்கு நெசமாவே விளங்கல. என்னையப் பாத்தான், அண்ணாச்சியப் பாத்தான்.

"அண்ணன் குடுக்கலியே"ன்னான்.

துண்ட வச்சு மூஞ்சியத் துடைச்சேன், அதுல இருந்த சந்தனம் கண்ணுல பட்டு இன்னும் கொஞ்சம் கண்ணீர் வந்துச்சு. அண்ணாச்சி செம்புத் தண்ணிய எடுத்துக் குடிச்சாக. மேசைல கெடந்த ஒம்பது சாவியையும் அவனுக பக்கமே தள்ளிவிட்டாக. பெட்டிச் சாவிய என் பக்கம் தள்ளுனாக.

"நாளைக்கு அந்தக் கைப்பிடிய வெல்டிங் வச்சிரு முருகேசா"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போய்ட்டாக.

இப்ப புது வண்டி வந்திருக்காம், சாவியோட நம்பரும் அடிச்சாத்தான் கிளம்புமாம். அந்த நம்பர் உங்க எல்லாருக்கும் தெரியும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு வச்சுக்கோங்க, தீ வந்தா உதவும். ஆனா காலைல சாவி குடுக்குற இடத்துல இப்ப யாரு உக்காந்திருந்தாலும், போயி முன்னாடி நின்னு கையையும் மூஞ்சியையும் காட்டுங்க.

தீப் பிடிச்சதுக்கு மறுநாள் காலைல வழக்கம்போலப் பெட்டியத் திறந்தேன். ஒம்பது பேரும் வரிசைல நின்னானுக, ஒண்ணுமே நடக்காத மாதிரி. ஆறாவதா மாரியப்பன் வந்தான். கண்ணு ரெண்டும் செவந்து போயி வீங்கியிருந்துச்சு.

"தூங்குனியா?"

"இல்லண்ணே. புகை உள்ள போயி ஒரே இருமல். விடிய விடியத் தூங்கல."

ஆறாம் நம்பர் சாவியத் திரும்பக் கொக்கியில மாட்டுனேன். "இன்னைக்கு வேண்டாம்பா. வீட்டுக்குப் போ."

முணுமுணுன்னு என்னையத் திட்டிக்கிட்டே, இடுப்புல சாவியோட, ஆறாம் நம்பர் வண்டியத் தாண்டி நடந்து வீட்டுக்குப் போனான்.